வெளிச்சம் படாத இரண்டு நாள்

மார்ச் 2

அளவுக்காரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ மலை உச்சிக்கு ஏறிப் போன் செய்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்றாய். "சளி" என்றேன். சளி இல்லை.

எனக்குப் புற்றுநோய்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்ப் பால் காய்ச்சினேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பயப்படாதே. சின்னது. புராஸ்டேட் சுரப்பியில், இடது பக்கம் மட்டும். அப்படி ஒன்று சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிறது என்பதே எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. இத்தனை வருடம் சத்தம் போடாமல் இருந்திருக்கிறது.

ஆளைக் கம்பத்துக்குத் தூக்கிவிடும் வாளி வண்டியில் ஏறி விளக்கு மாட்டுகிறவர்களுக்கு ஆபீஸில் வருடா வருடம் பரிசோதனை உண்டல்லவா. அதில் இரத்தத்தில் ஏதோ ஓர் எண் கூடுதல். அப்புறம் ஸ்கேன். அப்புறம் ஊசி விட்டுச் சதைத் துண்டுகள் எடுத்தார்கள். எந்த வழியாக என்று கேட்காதே. டாக்டர் ஒரு அம்மா, என் தங்கை வயது. "அண்ணா, உடம்ப லூசா விடுங்க" என்றார். அந்த நிலையில் எவன் லூசாக விடுவான்.

மூன்று வழி சொன்னார். ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டே இருப்பது. அறுத்து முழுதாக எடுத்துவிடுவது. மூன்றாவது, வெளிச்சம்.

ஆமாம். வெளிச்சம். ஊர் முழுக்கத் தெருவிளக்கு எரிய வைக்கிறவனிடம் வந்து சொல்கிறார்.

யாருக்கும் சொல்லவில்லை. என்னோடு வாளி வண்டியில் வருகிற ஒல்லிக்கு மட்டும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அவன்தான் வண்டி ஓட்டினான்.

சாப்பிட்டாயா என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கக் கூடாது என்றாய். கேட்கவில்லை.

விளக்குக்காரன்


மார்ச் 8

தெருவிளக்குப் பிரிவு மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சிமெண்ட் லாரியில் வந்தது. உறையெல்லாம் தூசி. தட்டிவிட்டு நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

ஆபீஸ் பரிசோதனை ஜனவரியில். எனக்குத் தெரியாதா. ஆக, ஸ்கேன், ஊசி, முடிவு, எல்லாம் ஆன பிறகு நான். எனக்கு முன்னால் ஒல்லி. அவராவது "வீட்டுல சொல்லியாச்சா அண்ணே" என்று கேட்டாரா?

கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. மேலே ஓட்டை தெரிகிறதா. அது உங்களுக்குத்தான்.

எடுத்துவிடச் சொல்லுங்கள். முழுதாக. நாங்கள் குடைகிற சுரங்கப் பாதையின் கூரையில் ஒரு பாறை ஆடினால் நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. இறக்கிவிடுகிறோம். அப்புறம்தான் சோறு.

வெளிச்சம் காட்டினால் போய்விடுமா. டார்ச் அடித்தால் கரப்பான் ஓடுகிற மாதிரியா.

அழுதாயா என்று கேட்பீர்கள். கூடாரத்தில் நாங்கள் நான்கு பேர். அழ இடமில்லை. அளவுக் கருவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதில் கண்ணை வைத்திருக்கிறவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மனைவி (இன்னும்)


மார்ச் 13

அளவுக்காரிக்கு,

ஓட்டை கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சொல்லாமல் இருந்தது உண்மை. சுரங்க வேலைக்குப் போகிறேன் என்று நீ கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து எனக்குச் சொன்னதும் உண்மை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு சீட்டு. "வேலை கிடைத்தது. மலை. ஒன்றாம் தேதி கிளம்புகிறேன். தயிர் உள்ளே." அதை நான் இன்னும் கிழிக்கவில்லை. சண்டை போடுவதற்காக அல்ல. இருக்கிறது, அவ்வளவுதான்.

கரப்பான் விஷயம். டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நம் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நிற்கிற விளக்கை நினைத்துக்கொள். நீ தினமும் திட்டுவாயே, அதுதான். அதன் தலையில் குமிழ் மாதிரி ஒரு சென்சார் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் விழித்துக்கொள்ளும், விளக்கு எரியும். இந்த மருந்து அதற்கு நேர் எதிர். ஊசியில் ஏற்றினால் இரத்தத்தோடு ஓடிக்கொண்டு சும்மா இருக்கும். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும். அங்கே இருக்கிற நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். புற்றுக்குச் சாப்பாடு போகாது. பட்டினியில் சாகும்.

எல்லோருக்கும் செய்ய மாட்டார்களாம். சின்னதாக, மெதுவாக வளர்கிறதாக, ஒரு பக்கமாக இருந்தால்தான். அதிர்ஷ்டசாலி என்றார் என்னை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்க விநோதமாக இருந்தது.

அறுத்தால் சிலருக்குச் சிறுநீர் நிற்காதாம். நான் தரையிலிருந்து மூன்று மாடி உயரத்தில், வாளிக்குள், டயப்பரோடு. கீழே நின்று ஒல்லி அண்ணாந்து பார்க்கிறான். யோசித்துப் பார்.

இன்னொன்றும் இருக்கிறது. மற்றது. அதுவும் போய்விடலாமாம். நீ அங்கே, நான் இங்கே, இனி அது இருந்தால் என்ன போனால் என்ன என்று

இல்லை. இதை இப்படி எழுத வரவில்லை.

விளக்குக்காரன்


மார்ச் 17

உங்களுக்கு,

பாதி வாக்கியத்தில் நிறுத்தாதீர்கள். மீதியை நான் ராத்திரியெல்லாம் முடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மாவிடம் கேளுங்கள்.

எல்லையை எப்படிக் குறிக்கிறார்கள். எதை வைத்து.

குறித்த எல்லைக்கு வெளியே வெளிச்சம் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்.

எல்லைக்கு உள்ளேயே ஏதாவது மிச்சம் இருந்துவிட்டால் எப்படித் தெரியும், எப்போது தெரியும்.

அப்போது அறுக்க முடியுமா. இல்லை, அந்த வழி மூடிவிடுமா.

"எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று நீங்களே பதில் எழுதி அனுப்பக் கூடாது. அவர் சொன்ன வார்த்தையில் வேண்டும்.

மற்றதையும் கேளுங்கள். எனக்கு அது இருந்தால் என்ன போனால் என்ன இல்லை.


மார்ச் 23

அளவுக்காரிக்கு,

உன் கடைசி வரியை ஒல்லிக்குக் காட்டவில்லை.

கேள்விகளைத் தனித்தாளில் எழுதிக் கொண்டுபோனேன். டாக்டரம்மா வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து இன்னொரு முறை படித்தார்.

"யார் எழுதினது?"

"என் சம்சாரம்."

"டாக்டரா?"

"நிலம் அளக்கிறவங்க. மலையில சுரங்கம் போடறாங்க."

"அதான் எல்லையிலயே நிக்கிறாங்க. உக்காருங்கண்ணா. இவங்களுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்."

அவர் சொன்ன வார்த்தையில்: "ஸ்கேன் படத்த வெச்சுதான் இடம் குறிக்கிறோம். மயக்கம் கொடுத்துட்டு, ஊசி மாதிரி மெல்லிய குழாய் வழியா கண்ணாடி இழைங்களை அந்த இடத்துக்குள்ள விடுவோம். ஒவ்வொரு இழையச் சுத்தியும் கொஞ்ச தூரம்தான் வெளிச்சம் போகும். வெளிய கொஞ்சம் சிந்தலாம். சிந்தவே சிந்தாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"மிச்சம் இருந்தா?"

"இருக்கலாம். சில பேருக்கு இருக்கு. ஆறு மாசத்துல திரும்ப சதை எடுத்துப் பாப்போம். இருந்தா, அப்பவும் அறுக்கலாம். அந்த வழி மூடாது. கொஞ்சம் சிரமமா இருக்கலாம், ஆனா மூடாது."

ஆக, அறுத்துவிட்டால் திரும்பி வர முடியாது. இதிலிருந்து வரலாம். அதனால் இதை எடுக்கிறேன். பயத்தினால் எடுக்கவில்லை. கொஞ்சம் பயத்தினாலும்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் தகராறு. அந்த வெளிச்சம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாதாம். "கண்ணுக்குத் தெரியாததுக்கு வெளிச்சம்னு பேரு எதுக்கும்மா" என்று கேட்டேன். "அண்ணா, எனக்கு அடுத்த பேஷண்ட் காத்திருக்காங்க" என்றார்.

மற்றதையும் கேட்டேன். கேட்டேன் என்றால், வாயைத் திறந்தேன், மூடினேன். "புரியுதுண்ணா" என்றார். அறுப்பதைவிட இதில் தப்பிக்க வாய்ப்பு அதிகம். கொஞ்ச காலம் மந்தமாக இருக்கலாம். சத்தியம் செய்து தர மாட்டேன் என்றார்.

ஏப்ரல் 11-க்கு நாள் குறித்திருக்கிறார். மருந்து உடம்பிலிருந்து போகிற வரை, இரண்டு நாள், பளிச்சென்ற வெளிச்சம் படக் கூடாது. கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, திரை போட்ட அறை, மங்கலான ஒரு பல்பு.

நீ வர வேண்டாம். ஒல்லி பார்த்துக்கொள்வான்.

விளக்குக்காரன்


மார்ச் 28

ஒல்லி பார்த்துக்கொள்வாரா. அவரையே கட்டியிருக்கலாம்.

பத்தாம் தேதி ராத்திரி வருகிறேன். தடித்த கறுப்புத் துணி வாங்கி வைத்திருக்கிறேன், சந்தையில், தார்ப்பாய் விற்கிறவரிடம். கூடாரத்திலேயே தைத்தாயிற்று. ஜன்னலின் அளவு நினைவிலிருந்து: அகலம் நான்கடி இரண்டங்குலம், உயரம் மூன்றடி எட்டு, வலது ஓரத்தில் சட்டம் அரை அங்குலம் சாய்வு. தப்பாக இருக்காது.

தயிர் வாங்கி வையுங்கள்.


ஏப்ரல் 16

அளவுக்காரிக்கு,

திரை அளவு சரியாக இருந்தது. அரை அங்குலச் சாய்வு உட்பட. அதை அப்போது சொல்லவில்லை. மயக்கம் தெளியாமல் உளறியதாக எடுத்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன்.

நேற்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். சிறுநீர் ட்யூப் எடுத்த பிறகு நன்றாகத்தான் போகிறது. எரிச்சல் இருக்கிறது. தெருவில் நடக்கும்போது கழிப்பறை எங்கே என்று பார்த்துக்கொண்டே நடக்கிறேன். குறையுமாம்.

இனி, ஆபீஸில் என் மானம் போன கதை.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் ஜன்னல் விளக்கு திரையோரமாக உள்ளே கசிகிறது என்று சொல்லி, நிலம் அளக்கிற உன் அளவுகோலை முழுதாக நீட்டி, அதன் நுனியில் தலையணை உறையை மாட்டி, விளக்கை மூடினாய். "முடிஞ்சுது. இனிமே அது கண்ணத் தெறக்காது" என்றாய். நான் கறுப்புக் கண்ணாடிக்குள் படுத்துக்கொண்டு உன்னைப் பாராட்டினேன். மறுநாள் பகலெல்லாம் திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றாய்.

அது வெயில் இல்லை.

நீ பதினான்காம் தேதி விடிவதற்கு முன் கிளம்பிவிட்டாய். மத்தியானம் வாளி வண்டி வந்து நின்றது. எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியார் புகார் கொடுத்திருக்கிறார்: இரண்டு நாளாகப் பட்டப்பகலில் தெருவிளக்கு எரிகிறது, வரிப்பணம், கேட்பாரில்லை. ஒல்லி மேலே ஏறிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, தூங்கறீங்களா?"

"இல்லடா."

"உங்க விளக்கு தலையில பூப்போட்ட தலகாணி உறை கட்டிட்டு நிக்குது. நீங்க போட்டதா, அண்ணி போட்டதா?"

உறையின் ஓரம்தான் விளக்கின் மேல் தொங்கிக் கொஞ்சம் மறைத்திருக்கிறது. மேலே இருந்த குமிழைத்தான் முழுதாக மூடியிருக்கிறது. அதற்கு ராத்திரி முடியவே இல்லை. பாவம், ஓய்வில்லாமல் எரிந்திருக்கிறது.

பதறாதே. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். உன் திரை அந்தத் தடிமனில் இருக்கும்போது அந்தக் கோட்டால் ஒன்றும் ஆகாதாம். தோலெல்லாம் பார்த்தார். சிரிப்பை அடக்க அவருக்குத்தான் சிரமமாக இருந்தது.

புகார்ப் பதிவில் 'பழுதின் காரணம்' என்ற இடத்தில் ஒல்லி 'குடும்பம்' என்று எழுதிவிட்டான். பெரிய அதிகாரி கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இருட்டில் நீ சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கட்டிலில் முறை வைத்துத் தூங்கினோம் என்றாய். நீ எழுந்து வேலைக்குப் போகும்போது நான் வேலை முடித்து வந்து படுப்பேன். உன் பக்கத்தில் சூடு இருக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன். ஆளில்லாத வீட்டில் தனியாக இருப்பதைவிடக் கூடாரத்தில் தனியாக இருக்கலாம் என்று போனதாகச் சொன்னாய். உன் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன்.

பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். பட்டறையில் பழுது பார்க்கிற வேலை. உடம்புக்காக என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறேன்.

விளக்குக்காரன்


ஏப்ரல் 22

விளக்குக்காரருக்கு,

கூடாரத்தில் சத்தமாகப் படித்துக்காட்டினேன். தலையணை உறை வரை மட்டும். சமையல்காரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. நீங்கள் 'குமிழ்' என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாவது மாடி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு தொங்குகிறவளுக்கு எது குமிழ், எது விளக்கு. நிலத்தை அளக்கிறவள் நான். உங்கள் சாமான்களை நீங்கள்தான் மூடியிருக்க வேண்டும்.

ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டேன். அந்தத் திரை மட்டும் மெல்லியதாக இருந்திருந்தால்.

எனக்கு இருட்டில் பேசியது வெட்கமாக இருக்கிறது. பகலில் திரும்ப எடுக்காதீர்கள். ஆனால் மறந்தும்விடாதீர்கள்.

இங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். மேனேஜர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தோண்டி வருகிறோம். நவம்பரில் நடுவில் சந்திக்க வேண்டும். அதுவரை என்னால் நகர முடியாது, கணக்கு என்னுடையது. அதற்குப் பிறகு என்ன என்று நான் சொல்லவில்லை. இந்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்களிடம் சொல்கிறேன்.

பகல் வேலை உடம்புக்காக என்று ஆபீஸில் சொன்னது சரி. எனக்கு என்ன காரணம் எழுதுவீர்கள்?


மே 1

அளவுக்காரிக்கு,

நீ எழுந்திருக்கிற நேரத்தில் நானும் எழுந்து பார்க்கலாம் என்று.

இரண்டு வருடம் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்ல நிறைய இருக்கிறது. உன் கணக்கு முடியட்டும்.

விளக்குக்காரன்


அக்டோபர் 9

அளவுக்காரிக்கு,

நாளைக்கு ஊசி. முடிவு வரப் பத்து நாள் போல ஆகும்.

இத்தனை மாதமாக ஜோக் அடித்துவிட்டேன். இன்று எதுவும் வரவில்லை. இரத்தத்தில் அந்த எண் குறைந்திருக்கிறது. அது மட்டும் போதாது, சதையில் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. மிச்சம் இருந்தால் நீ முதல் நாளே சொன்னதுதான் சரி. நான் ஆறு மாதத்தை வீணாக்கினவன்.

பயமாக இருக்கிறது. இதை ஒல்லியிடம் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.


அக்டோபர் 14

உங்களுக்கு,

முதலில் எனக்குச் சொன்னீர்கள். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஓட்டை எதுவும் இல்லை.

மிச்சம் இருந்தால் அறுக்கலாம். அறுத்துச் சிறுநீர் நிற்காவிட்டால் டயப்பர். நான் வாங்கித் தருகிறேன். மற்றது போனால், போனது. அதைப் பற்றி நான் எழுதியது உண்மைதான், ஆனால் உங்களைவிட அது பெரிதில்லை. வாளியில் ஏறாத விளக்குக்காரர் எனக்குப் போதும். ஏணியில்கூட ஏற வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒல்லியை அதட்டுங்கள்.

வீணாக்கினவன் என்று இன்னொரு முறை எழுதினால் பேனாவை அழுத்தி எழுதுவேன்.

இங்கே மழை. பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து துளை போடுகிற சத்தம் லேசாகக் கேட்கிறது. மண்ணில் காதை வைத்தால்.


அக்டோபர் 21

அளவுக்காரிக்கு,

இல்லை.

எடுத்த துண்டுகள் ஒன்றிலும் எதுவும் இல்லை. இடது பக்கத்திலும் இல்லை, வலது பக்கத்திலும் இல்லை. டாக்டரம்மாவை மூன்று முறை சொல்ல வைத்தேன். மூன்றாவது முறை அவர் மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்று சொன்னார்.

"இனிமே வரவே வராதாம்மா?"

"அப்படி எழுதித் தர முடியாதுண்ணா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் குடுக்கணும். அப்பப்ப ஸ்கேன். ஆனா இன்னிக்கு இல்ல. இன்னிக்கு வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிடுங்க. அந்த எல்லைக்கார அம்மாவுக்குச் சொல்லுங்க."

வெளியே வந்து ஒல்லியிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியில் உட்கார்ந்தேன். "அண்ணே, என்ன சொன்னாங்க?" "மொதல்ல அண்ணிக்கு எழுதிட்டு உனக்குச் சொல்றேன்" என்றேன். முறைத்தான். வழியெல்லாம் முறைத்துக்கொண்டே ஓட்டினான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எழுதுங்க போங்க" என்றான்.

அதனால் எழுதுகிறேன்.

மற்றது பற்றி. கோடை முழுக்க மந்தம்தான். இப்போது நிலைமை வேறு மாதிரி என்று சந்தேகப்படுகிறேன். தனியாக இருக்கிறவன் இதற்கு மேல் என்ன சொல்ல முடியும். இது கடிதத்தில் முடிவு செய்கிற விஷயமில்லை.

விளக்குக்காரன்


அக்டோபர் 27

விளக்குக்காரருக்கு,

லாரிக்காரர் கையிலிருந்து வாங்கி, சேற்றிலேயே நின்று பிரித்தேன். முதல் வரியில் ஒரே ஒரு வார்த்தை. அதற்கு மேல் கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை. இந்த முறை கருவிக்குப் பின்னால் போகவில்லை. எல்லோருக்கும் முன்னால்தான். சமையல்காரம்மா ஓடி வந்து "யாருக்கு என்னம்மா?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். அவளும் எதற்கென்று தெரியாமல் அழுதாள்.

இரண்டு வருடத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். பாறை திறக்கிற வரை இருப்பேன். அதற்குப் பிறகு நம் ஊரிலிருந்து போய்வரக்கூடிய வேலையாக இருந்தால் பேசுங்கள் என்றேன். இது உங்களிடம் கேட்காமல் எடுத்த முடிவுதான். இதற்கும் சண்டை போடலாம். நேரில்.

அதற்கு முன்னால் நான்கு நாள் லீவு கேட்டேன். வேலை முடிகிற நேரத்தில் லீவா என்று மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

"எதுக்கு லீவு?"

"வீட்டுக்காரரைப் பாக்கணும் சார்."

"ஏன், அவருக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல சார். அதப் பாக்கத்தான் போறேன்."

சனிக்கிழமை காலையில் வருகிறேன். எழுந்திருங்கள்.